கடுக்காய் ஆன நுங்கு

மானாம்பதி சாலையில் டீக்கு பஸ் நிற்கிறது. லூதியானாவில் எனக்கு நான்கு லேத் பட்டறை இருக்கிறது. எல்லாம் இந்தக் கையால் சம்பாதித்தது. நுங்கு மட்டும் அங்கே கிடைக்காது, அதற்காகவே வந்திருக்கிறேன்.

பனையடியில் ஓர் அம்மா குலையை வெட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு காயை வாங்கி நுங்குக் கண்ணில் கட்டைவிரலை அழுத்துகிறேன். இறங்கவில்லை.

"முத்திக் கடுக்காயா பூட்ச்சிண்ணா. மாட்டுக்கு வெட்டிக்கினு கீறேன். நீ இன்னா ஆடி மாசத்துல வந்து கேக்கற?"

"இந்த மரத்தையே வாங்கிடுவேன், தெரியுமா?"

"மரத்த வாங்கிடுவ. சித்திரைய எங்க போய் வாங்குவ?"

மாடு என் கையையே பார்க்கிறது. கொடுக்க மனமில்லை. பல்லால் சுரண்டுகிறேன். ஓரத்தில் துளி இனிப்பு வருகிறது. பஸ் ஹாரன் எங்கோ தூரத்தில் கேட்கிறது. தலைக்குமேல் பனையோலை சலசலக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன், சித்திரை வெயில் அடிக்கிறது.