வேலிக்கு மேலால் வந்த சோறு

நான் மீன் சாப்பிடுவதை விட்டது பக்தியினால் அல்ல. எனக்குப் பதினான்கு வயதாயிருக்கும்போது, வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளத்தோடு போன அப்பா திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து, எங்கள் ஊருக்கு அப்பால் ஒரு கரையில் ஒதுங்கிக் கிடந்தார். உடுத்திருந்த சாரத்தை வைத்துத்தான் அவர் என்று சொன்னார்களாம். முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. என்னைப் பார்க்க விடவில்லை. ஆனால் பெரியவர்கள் முற்றத்தில் நின்று தங்களுக்குள் பேசியதை நான் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மீன் என் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அம்மா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் சந்தையில் ஒரு சின்னச் சட்டி வாங்கிவந்து எனக்கென்று தனியாகக் காய்ச்சத் தொடங்கினார். "கடற்காரன்ரை பிள்ளை மரக்கறி தின்னுதாம்" என்று ஊரில் சிரித்தார்கள். அம்மாவின் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவரை நான் அம்மான் என்று கூப்பிடுவேன். அப்பாவைக் கரையிலிருந்து தூக்கிவந்தவர்களில் அவரும் ஒருவர்.

எழுபதுகளின் நடுவில், எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அந்த அளவுக்குப் படித்தவர் யாரும் இல்லை. வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாது என்பதால் கொக்குவிலில் ஓர் அறை தேடினேன். மதில் கட்டிய வளவுக்குள் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே என்னை விசாரித்தார்.

"தம்பி எந்த இடம்?"

"வடமராட்சி, ஐயா."

"எங்கை படிச்சது?"

"நெல்லியடியிலை."

"சாப்பாடு எப்பிடி? இது சைவ வீடு."

"நான் மச்சம் தொடுறேல்லை ஐயா."

அவருடைய முகம் மலர்ந்தது. மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் பக்கத்தில் மச்சம் என்பதுதான் சொல். உள்ளே திரும்பி மனைவியிடம், "நல்ல பகுதிப் பெடியன் போலை கிடக்கு" என்றார். பகுதி என்று அவர் சொன்னது சாதியை. எந்தப் பகுதி என்று அவர் கேட்கவில்லை. மச்சம் தொடாதவன் என்ற சொல்லே அவருக்குப் போதுமாயிருந்தது.

அறையில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். தென்மராட்சிக்காரன், தகப்பனுக்கு வயலும் தென்னங்காணியும் இருந்தன. நல்ல மனம், நல்ல பசி. சனிக்கிழமைகளில் பட்டினத்துக்குப் போய் ஆட்டிறைச்சியும் புரியாணியும் ஒரு பிடி பிடித்துவிட்டு வருவான். வீட்டுக்கார ஐயாவுக்கு அது தெரியும். "வளருற பிள்ளை, ஆசைக்குச் சாப்பிடத்தானே வேணும். வீட்டுக்குள்ளை கொண்டுவராட்டிச் சரி" என்று சிரிப்பார்.

வீட்டில் அறை மட்டும்தான், சாப்பாடு வெளியே. அங்கேதான் என் பாடு தொடங்கியது. பலாலி வீதியில் வளாகத்துக்குக் கிட்ட இருந்த சைவக்கடையில் எந்த நாள் போனாலும் பருப்பு, கத்தரிக்காய், ரசம். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. சில நாட்களில் சோறும் இராது, மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருப்பார்கள், அதற்கும் அதே கத்தரிக்காய். சந்தைக்கு முன்னால் ஒரு தோசைக்கடை இருந்தது. காலையில் நல்ல தோசை, மத்தியானம் அடுப்பு அணைந்துவிடும். அடுத்த கடை எல்லாம் கலந்த கடை. அங்கே மரக்கறி கேட்டபோது பரிமாறுகிறவர் மீன்குழம்புச் சட்டிக்குள் அகப்பையை விட்டுக்கொண்டு, "துண்டைத் தள்ளிப்போட்டுக் குழம்பை மட்டும் ஊத்தட்டோ?" என்று உண்மையான அன்போடு கேட்டார். பட்டினத்துக்குப் போனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய சைவ ஹோட்டல்கள் இருந்தன. வடை, பூரி, மசாலாத் தோசை என்று வாயில் நீர் ஊறும். அதெல்லாம் ஊரிலிருந்து அம்மாவின் கைக்காசு வந்த கிழமைக்கு மட்டும்.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. திருநெல்வேலிச் சந்தைக்குள் நடந்துபோனால் முருங்கைக்காயும் பாகற்காயும் புடலங்காயும் வாழைப்பூவும் கீரைக்கட்டும் குவிந்து கிடக்கும். சுற்றிவர அவ்வளவும் விளைந்தது, ஆனால் கடைக்காரர்களின் கண்ணில் கத்தரிக்காய் மட்டும்தான் பட்டது.

ஒரு நாள் என் அறை நண்பன் ஓடிவந்து, "மச்சான், ஓரிடம் கண்டுபிடிச்சிட்டன்" என்றான். சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், கிடுகு வேலிக்குள், புருஷனை இழந்த ஒரு பெண் வீட்டிலேயே சமைத்துச் சாப்பாடு கொடுத்துவந்தார். பெயர்ப்பலகை கிடையாது. எல்லோரும் அக்கா என்பார்கள். தலைவாசலில் உட்கார நீள வாங்குகள், சாப்பிட வாழையிலை. அன்று முருங்கைக்காய்ப் பால்கறி, வாழைப்பூ வறை, மாங்காய்ச் சம்பல், பொரித்த மிளகாய். மறுநாள் பாகற்காய்க் குழம்பும் கீரைக் கடையலும். அதற்கடுத்த நாள் பலாக்கொட்டை போட்ட ஒரு கறி, அதன் ருசியை எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அம்மா எனக்காகத் தனிச் சட்டியில் காய்ச்சியதற்குப் பிறகு, யாரோ எனக்கென்றே சமைத்ததுபோல் இருந்தது அங்கேதான்.

அக்கா என்னைக் கவனித்து வைத்திருந்தார். நண்பன் ஊருக்குப் போன நாட்களில் நான் தனியே போனால், "உங்களைப்போல சுத்த சைவமா இருக்கிற பெடியள் இப்ப எங்கை தம்பி?" என்று இரண்டாம் முறை பால்கறி ஊற்றுவார். அவருடைய சமையலறைவரை போய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கும் அளவுக்கு எனக்கு அங்கே உரிமை இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாகச் சாப்பிட்ட காலம் என்றால் அதுதான்.

பிறகு வீட்டுக்கார ஐயாவின் மனைவி, மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்புக்குப் போனார். ஐயாவுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. நாங்கள்தான் அக்காவின் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். அவருக்கும் சாப்பாடு நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் மூவரும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தோம். அக்கா வழியனுப்பப் படலைவரை வந்தார்.

ஒழுங்கையில் சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. பின்னால் மீன்பெட்டி. சந்தையில் வியாபாரம் முடித்துத் திரும்புகிற அம்மான். என்னைக் கண்டதும் குதித்து இறங்கினார். சட்டையில் செதில்கள் ஒட்டியிருந்தன. அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமோன், என்னடா மெலிஞ்சுபோனாய்? கொம்மா நெடுகக் கேட்கிறா, பெடியனைக் கண்டனியோ எண்டு."

பிறகு வீட்டுக்கார ஐயாவைப் பார்த்து, பெருமை தாங்காமல், "என்ரை அக்கான்ரை மோன் ஐயா. தேப்பன் கடலிலை போனவர். எங்கடை கரையிலை இருந்து கம்பஸுக்கு வந்த முதல் ஆள் இவன்தான்" என்றார்.

"அப்பிடியோ" என்றார் ஐயா. "எந்தக் கரை?"

அம்மான் ஊரின் பெயரைச் சொன்னார், ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டுவதுபோல. ஐயா தலையை ஆட்டினார். அக்கா படலையைச் சாத்தினார். அம்மான் என் தோளில் தட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். வீடுவரை ஐயா எங்களுக்கு ஓரடி முன்னாலேயே நடந்தார்.

மறுநாள் மத்தியானம் அக்கா என்னைப் படலையிலேயே மறித்தார். "தம்பி, உள்ளை இடமில்லை. பார்சல் கட்டித் தாறன், கொண்டுபோங்கோ." வேலிக்கு மேலால் பார்த்தேன். ஒரு வாங்கு முழுக்கக் காலியாகக் கிடந்தது. நண்பன் எனக்கு முன்னரே உள்ளே போய் உட்கார்ந்திருந்தான். பார்சலை வாங்கிக்கொண்டு போய் வளாகத்து மரத்தடியில் இருந்து சாப்பிட்டேன். கறிகள் எல்லாம் இருந்தன, அளவிலும் குறை இல்லை. அதற்கடுத்த நாளும் அதே பார்சல், இந்த முறை படலைகூடத் திறக்கவில்லை, வேலிக்கு மேலால் நீட்டினார்.

"அக்கா, நான் ஏதும் பிழை செய்தனானோ?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்கள் நல்ல பிள்ளை தம்பி. வாறாக்கள் கதைக்கினம். அவையள் வராட்டி நான் என்னத்தைச் செய்யிறது? பார்சல் எப்பவும் தருவன், அதுக்கு யோசியாதேங்கோ."

அந்தப் பார்சலை நான் வாங்கவில்லை. பசியோடு பின்னேர விரிவுரைக்குப் போனேன். அங்கே என்ன சொன்னார்கள் என்பது காதில் ஏறவே இல்லை.

அந்தக் கிழமையே ஐயா கூப்பிட்டார். "தம்பி, மேள் குழந்தையோடை வரப்போறா. இட வசதி காணாது. நீங்கள் வேறை அறை பார்த்தால் நல்லது."

"ரண்டு பேரும் போகவேணுமோ ஐயா?"

"அவர் இருக்கலாம். ஒராள் எண்டால் சமாளிப்பம்."

அதுவரை அடக்கிவைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "ஐயா, நான் மீனும் தொடுறேல்லை, இறைச்சியும் தொடுறேல்லை. அவன்தான் சனிக்கிழமையிலை இறைச்சி சாப்பிடுறவன். உங்களுக்கு அது தெரியும்."

அவர் கோபப்படவில்லை. விளங்காத பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற பொறுமையோடுதான் சொன்னார். "தெரியும் தம்பி. அது வேறை."

நண்பன் என் தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தெருவரை தூக்கிவந்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. "நானும் வெளிக்கிட்டால் சோதினை நேரத்திலை எங்கை மச்சான் அறை எடுக்கிறது?" என்றான். நான் அவனை வரச்சொல்லிக் கேட்கவே இல்லை. மறுநாள் மத்தியானம் சந்தைப் பக்கம் போகும்போது கண்டேன், அவன் அந்த ஒழுங்கைக்குள் திரும்பிக்கொண்டிருந்தான். பசிக்கிறவன் சாப்பிடத்தான் போவான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் அதன் பிறகு அவனோடு பழையபடி கதைக்க வரவில்லை.

சைக்கிள் திருத்தும் கடையொன்றின் பின்னால் எனக்கு ஓர் அறை கிடைத்தது. சாப்பாட்டுக்கு எல்லாம் கலந்த அந்தக் கடைக்கே போனேன். அங்கே யாரும் ஊர் கேட்கவில்லை. சோறும் பருப்பும் அப்பளமும் போடச் சொல்லிவிட்டு, பக்கத்து மேசை மீன்வாசம் மூக்கில் ஏறாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். பல நாள் பாதியில் எழும்பிப்போய் வாந்தி எடுத்திருக்கிறேன். பாணும் வாழைப்பழமும் வாங்கி அறைக்குக் கொண்டுபோய்த் தின்ற நாட்களே அதிகம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா என் கோலத்தைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டார். சொல்லிவிட்டேன். அம்மா தன் தம்பியிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மானைத் திருநெல்வேலியில் காண்பது அரிதாயிற்று. ஒருநாள் நான் வளாகத்துப் பெடியன்களோடு பலாலி வீதியில் நடந்து வரும்போது எதிரே அவருடைய சைக்கிள் வந்தது. அவர் என்னைக் கண்டார். கண்டவுடன் சைக்கிளைத் திருப்பி ஓர் ஒழுங்கைக்குள் விட்டார். நான் பெடியன்களை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

"அம்மான், நில்லுங்கோ. ஏன் ஓடுறியள்?"

அவர் காலை ஊன்றி நின்றார், இறங்கவில்லை. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "என்ரை வாயாலைதானே உனக்குச் சோறு இல்லாமல் போனது. நீ போ தம்பி. படிச்சு முடி."

எப்போதும் மருமோன் என்பவர், என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. நான் சைக்கிளின் கைபிடியைப் பிடித்தேன். அவர் என் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

படித்து முடித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது. ஊரில் எங்கள் வீட்டுக்கு அம்மான் எப்போதும்போல் வந்தார், அம்மாவோடு இருந்து சாப்பிட்டார், என்னை மருமோன் என்றார். அது வேலிக்கு உள்ளே. ஒரு நாள் வள்ளப் பதிவு விஷயமாக என் கந்தோருக்கு வரவேண்டி வந்தது. காலையிலிருந்தே வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அவருடைய முறை வந்தபோது நான் நிமிர்ந்து பார்த்து, வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு சின்ன அலுவல்" என்றார்.

"அம்மான், உள்ளை வந்து இருங்கோ" என்று எழும்பினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மானின் முகத்தில் பயம் தெரிந்தது, எனக்காகப் பட்ட பயம். "இல்லை ஐயா, நான் இதிலையே நிக்கிறன்" என்றார்.

அலுவல் முடியும்வரை அங்கேயே நின்றார். முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார்.