அம்மாவின் முதல் பந்தி

எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அம்மாவுக்கு ஓர் இடம் உண்டு. கொல்லைப்பக்கம், கோட்டை அடுப்புக்கு நாலடி தள்ளி, அரிவாள்மணைக்கு முன்னால். கத்தரிக்காய் நறுக்குவாள், வெங்காயம் உரிப்பாள், தேங்காய் துருவுவாள். அப்பா தவறிப்போனபோது அவளுக்கு நாற்பது வயது. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷமாக ஒரு கல்யாணத்திலும் அவள் மணமேடைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஊரே சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, பாத்திரம் கழுவுகிறவர்களோடு கடைசிப் பந்தியில் உட்காருவாள். அதற்குள் அப்பளம் தீர்ந்திருக்கும்.

அதனால்தான் அவளுடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளைச் செய்தே தீருவது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் எல்லாம் ஜோடியாக இருப்பவர்களுக்கு. தனி ஆளுக்கு ஊரில் ஒரு சடங்கும் கிடையாது. போகட்டும், நானே ஒன்று வைக்கிறேன் என்று கிளம்பினேன். முதல் பந்தி, முதல் இலை, அதில் அம்மா. அவளுக்கு இரண்டு பக்கமும் தெரு ஜனம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆதார் அட்டையில் அம்மா பிறந்தது ஜனவரி ஒன்று. எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்திருக்கிறார்கள். அவளைக் கேட்டால், "தை மாசம், அறுப்புக்கு முந்தி" என்பாள். ஆகவே தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நானே பிறந்தநாளாக்கினேன்.

நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு பதினெட்டு வருஷமாகிறது; அன்றிலிருந்து அம்மாவோடுதான். அந்தச் சம்பளத்தில் கேட்டரிங்காரரிடம் பேசப் போனது என் தப்பு. இலைக்கு இவ்வளவு என்று அவர் சொன்னதும் எழுந்துவிட்டேன். வெல்கம் டிரிங்க் உண்டு மேடம் என்றார். எங்கள் தெருவில் எவன் வெல்கம் டிரிங்க் கேட்டான் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

கடைசியில் கூலிக்கு ஒரு சமையல்காரரைப் பிடித்தேன். பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு. விடிகாலை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போய் நானே காய் வாங்கினேன். தையில் பரங்கிக்காய் மலிவு, ஆகவே கூட்டு பரங்கிக்காயில். பொரியலுக்கு முட்டைகோஸ். பாயசத்துக்கு உடைந்த முந்திரி. வாய்க்குள் போனால் முழுசென்ன, உடைசலென்ன? வடையைச் சின்னதாகத் தட்டச் சொன்னேன். சமையல்காரர் ஒன்றைத் தட்டிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வடையா, சட்டைப் பொத்தானாம்மா?" என்று கேட்டார். கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூப்பிடுவதில்தான் இடித்தது.

எங்கள் பக்கம் விசேஷத்துக்குக் கூப்பிடுவது என்றால் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியுமாக வாசலுக்கு வர வேண்டும். உள்ளே போய், அந்த வீட்டுப் பெண்களுக்குக் குங்குமம் கொடுத்து, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மாவோ புருஷனை இழந்தவள். நானோ புருஷன் விட்டுப் போனவள். எங்கள் வீட்டில் குங்குமத் தட்டைத் தூக்கக்கூடியவர்கள் ஓசூரில் இருக்கும் என் அண்ணனும் அண்ணியும்தான். வெள்ளிக்கிழமையே வந்து தெரு முழுக்கக் கூப்பிட்டுவிடுகிறோம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். வியாழக்கிழமை போன் செய்து, கம்பெனியில் லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா பார்க்கிறேன் என்றான். பார்க்கிறேன் என்று அவன் சொன்னால் வரமாட்டான் என்று அர்த்தம்.

எதிர்வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கூப்பிடச் சொன்னாள் அம்மா. அந்த அக்காவோடு தெருக்குழாய்த் தண்ணீருக்காக நான் சண்டை போட்டு எட்டு மாதமாகப் பேச்சில்லை. அவளிடம் போய்க் கெஞ்சுவேனா என்று கத்தினேன். அது பாதி உண்மை. மீதியை அம்மாவிடம் சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு காதுகுத்தலில், வந்தவர்களுக்குக் கொடுக்கலாமே என்று குங்குமச் சிமிழை எடுத்தேன். ஒரு பெரியம்மா என் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி, குடும்மா நான் பாத்துக்கறேன் என்று இன்னொருத்தியிடம் கொடுத்தாள். அதட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அவள் அன்பாகச் செய்தாள். அதுதான் இன்னும் உள்ளே கிடந்து அறுக்கிறது. அதிலிருந்து எந்த வாசலிலும் தட்டோடு நிற்பதில்லை என்று வைத்திருந்தேன்.

கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, எனக்கு டிசைன் வரும். ஊரில் பாதி கல்யாணப் பத்திரிகை நான் அடித்ததுதான். அம்மாவின் போட்டோவை நடுவில் வைத்து, சுற்றிலும் ரோஜாப்பூ போட்டு, 'அனைவரும் வருக' என்று எழுதி எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். செலவுமில்லை, வாசலுமில்லை. பத்து நிமிஷத்தில் கட்டைவிரலும் கும்பிடு கையுமாகக் கொட்டியது. எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு. வீட்டுக்கு ஒன்றிரண்டு கூட வருமென்று நூறு இலைக்குச் சொல்லிவிட்டேன். கட்டைவிரலைத் தலையாக எண்ணிய மடச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு அரக்குக் கரை போட்ட புதுச் சேலை கட்டிவிட்டேன். பத்து நிமிஷம் அந்தண்டை போய் வருவதற்குள் கொல்லையில் உட்கார்ந்து கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைப் பிடுங்கினேன். "சும்மா குந்திகினு இன்னாடி பண்றது?" என்றாள். கையை மடியில் எங்கே வைப்பதென்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

பதினொன்றரைக்குச் சோறு வடித்தாயிற்று. சாம்பார் மணம் தெருக்கோடி வரைக்கும் போயிருக்கும். பன்னிரண்டு ஆயிற்று. பந்தலில் மூன்று வரிசை மேசை, வெள்ளைத் தாள் விரித்து, ஈ மொய்க்காமல் சமையல்காரரின் ஆள் ஒருத்தர் நின்று விசிறிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் இரண்டே பேர்: எங்கள் ஜெராக்ஸ் கடை முதலாளி பாயும் பாயம்மாவும். அவர்களை மட்டும்தான் கடையிலேயே நேராகக் கூப்பிட்டிருந்தேன்.

தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. பாட்டுப் பெட்டி மட்டும் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அதைப் போய் நிறுத்தினேன். நிறுத்தியதும் இன்னும் மோசமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வீடியோ காலில் வந்தான். கூட்டமா, காட்டு என்றான். நான் போனை அடுப்புப் பக்கம் திருப்பிக் கொதிக்கிற ரசத்தைக் காட்டினேன். சூப்பர் என்றான். கை வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அழுகை வரும்போலிருந்தது, வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஜனத்துக்கா அம்மா இத்தனை வருஷம் வெங்காயம் உரித்தாள் என்று சமையல்காரரிடம் கத்தினேன். பாவம், அவர் கரண்டியும் கையுமாக நின்றார்.

பாயம்மாதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். வூட்டுக்கு வூடு போய்ச் சொன்னியா என்று கேட்டாள். போனில் போட்டேன் என்றேன். பாயம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"போன்ல போட்டா அது சேதிம்மா. கூப்ட்டதா ஆவுமா? எங்காளுங்க கூட அதுக்கு வர மாட்டாங்க."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். நான் போய்க் கூப்பிட்டுக்கினு வரேன் என்று செருப்பைத் தேடினாள். எழுபத்தைந்து வயதில், தன் பிறந்தநாளுக்குத் தானே வாசல் வாசலாக. நான் குறுக்கே நின்றேன். "நீ குந்தும்மா. நான் போறேன்" என்று என் வாய்தான் சொல்லியது. கால் நகரவில்லை.

சாப்பிட்டவர்களுக்கென்று வாங்கிய வெற்றிலையில் ஒரு கவுளிக் கட்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். பாக்கு, மஞ்சள் கிழங்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம். குங்குமம் வைக்கவில்லை. தெருவைக் கடக்கப் பத்தடிதான். அந்தப் பத்தடியை நான் எப்படி நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். எதிர்வீட்டிலேயே ஆரம்பித்தேன். அங்கே விழுகிற அடி முதலிலேயே விழட்டும் என்று.

கதவைத் தட்டினேன். அக்கா திறந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையில் கனகாம்பரம். பின்னால் அவள் புருஷன் வெள்ளை வேட்டி சட்டையோடு, டிவியை நிறுத்திவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

எங்கோ கிளம்புகிறார்கள் போல என்று நினைத்தேன். பாடம் ஒப்பிக்கிறமாதிரி சொன்னேன்: "அம்மாவுக்கு எழுபத்தஞ்சு ஆவுதுக்கா. குடும்பத்தோட வந்து சாப்டணும்."

அக்கா, "காலைலருந்து பொடவ கட்டிக்கினு குந்திகினு கீறோம். கூப்டாத வூட்டுக்கு எப்டி வர்றது, சொல்லு?" என்றாள்.

அவள் தட்டைப் பார்த்தாள். குங்குமம் இல்லையே என்றாள். நான் எப்படிக்கா குங்குமம் கொடுப்பது என்று கேட்டேன். கேட்டதே தப்புப் போல அவள் முகம் சுளித்து உள்ளே போனாள். தன் சிமிழைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தாள். அவளே ஒரு பொட்டு எடுத்து இட்டுக்கொண்டாள். அடுத்த வூட்டுக்குப் போ, சோறு ஆறிடப் போவுது என்றாள். எட்டு மாதச் சண்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வீட்டிலும் புடவை மாற்றியிருந்தார்கள். அதற்கடுத்ததில் குழந்தைகளுக்குப் பவுடர் அப்பித் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் உலை வைத்தாயிற்று என்று கதவோரமாகவே அனுப்பினார்கள். இரண்டு வீட்டில் தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்தார்கள், குங்குமத்தை எடுக்கவில்லை. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் என் பின்னாலேயே வந்தார்கள். காலையிலிருந்து கதவுக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் கூப்பிடுவாளா என்று உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் நான் வருவார்களா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பந்தி நிறைந்தது. முதல் இலையில் அம்மா. ஒரு பக்கம் எதிர்வீட்டு அக்கா, இன்னொரு பக்கம் பாயம்மா. அம்மாவுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி, அந்தக் கோடி இலைக்கு ரசம் ஊற்று, இந்தப் பிள்ளைக்கு வடை வை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து இலையில் வைத்தாள். அப்புறம்தான் குனிந்து சாப்பிட்டாள். அப்பளத்தை உடைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்று பந்தி ஓடியது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மூன்று மணிக்குத் தெரு திரும்ப அவரவர் வீட்டுக்குள் போய்விட்டது. எனக்கு ஓர் இலைக்கு வைத்துவிட்டு, மிச்சச் சோற்றைச் சமையல்காரர் வாளியில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். பந்தலில் ஈரமான மேசைகள் மட்டும் இருந்தன.

கடைசியாக ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வரிசை மேசையில் நான் ஒருத்தி. சோறு ஆறியிருந்தது. அப்பளம் தீர்ந்துவிட்டது. பாயசத்தில் முந்திரி இல்லை, உடைசல்கூட. கடைசிப் பந்தி என்பது இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக அம்மா வீட்டுக்கு வந்து, சாப்பாடு நல்லா இருந்திச்சு என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அம்மா புதுச் சேலையோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்து ரசம் ஊற்றினாள். எதிர்வீட்டின் கதவைப் பார்த்தாள்.

"எனக்கு நீ போய்க் கூப்ட்ட. உனுக்கு யாருடி கூப்டப் போறாங்க?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கவலையாகக்கூடக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் ஓசூரில் இருக்கிறான். எனக்கு எழுபத்தைந்து ஆகும்போது எந்த வாசலில் யார் தட்டோடு நிற்பார்கள் என்று யோசித்தேன். ஒரு முகமும் வரவில்லை.

ரசத்தில் உப்பு கம்மி என்றேன்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உப்பு எடுத்துவர அடுப்புப் பக்கம் போனாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.