மாட்டுத் தோலா, சேவல் கொண்டையா

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஆறு, நின்றது ஐந்து, ஐந்தையும் ஆளாக்கினேன். மாடுகளை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அது தனியாக ஒரு குடும்பம் வரும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து இரண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு வந்து, பால் ஊற்றிப் பிழைத்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பெரியவர்களுக்கு நடந்த சாயங்கால வகுப்பில்தான் எழுத்துக்கூட்டக் கற்றேன். அதனால் இதை எழுத நாளாகிறது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்?

உதட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள்.

எனக்கு முப்பதுக்கு மேல் இருக்கும்போது நடந்தது இது. கறவை நேரத்தில் கன்றை இழுத்துத் தாய்க்கு முன்னால் கட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் உட்கார்ந்த ஈயை விரட்ட மாடு வெடுக்கென்று தலையைத் திருப்பியது. கொம்பு நுனி என் மேலுதட்டின் இடது பக்கத்தைக் கிழித்தது. தெருமுனைக் கம்பவுண்டர் அவசரத்துக்குத் தைத்துவிட்டார். புண் ஆறிவிட்டது. உதடுதான் அந்த இடத்தில் உள்ளே போய்விட்டது. வாயை மூடினாலும் ஒரு பல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மாட்டை விற்றுவிடச் சொன்னார் என் வீட்டுக்காரர். நான் விற்கவில்லை. அது என்ன வேண்டுமென்றா செய்தது?

அவர் நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. என் தோளைப் பார்த்துப் பேசுவார். "சோத்தப் போடு" என்று தோளிடம் சொல்வார். பால் வாங்குகிறவர்கள் அளக்கிற படியைப் பார்த்துப் பேசுவார்கள். பிள்ளைகள் அப்போது சின்னதுகள்; என்னை இப்படியே பார்த்து வளர்ந்ததால், என் உதட்டில் ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசப் பழகிவிட்டேன். எங்கள் பக்கத்தில் மாமனார் மச்சினருக்கு முன்னால் பெண்கள் அப்படித்தான் நிற்போம் என்பதால், யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எல்லோரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நேராகப் பார்த்தது மாடுகள் மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர் போனார்கள். மாட்டுத்தாவணிக்குப் பஸ் நிலையம் வந்த சில வருஷத்தில், தொழுவம் இருந்த இடத்தை மனைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். கடைசி இரண்டு மாட்டையும் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலை வழக்கம்போல எழுந்து உட்கார்ந்தேன். கறக்க ஒன்றும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் குரலே எனக்கு மறந்துவிடுமோ என்று நினைத்து, அடுப்பைப் பார்த்து, "என்ன, எரிய மாட்டேங்கிற?" என்று கேட்டேன்.

கடைசி மகள் அப்போது கப்பலூரில் குடியிருந்தாள். அவள் புருஷனுக்கு அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. இவள் பஸ் ஏறி வந்து மதுரையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் வேலை பார்த்தாள். ஒருநாள் வேலை முடிந்து என்னிடம் வந்தவள், ஊசி போட்டு உதட்டை நிரப்பிக்கொண்டு போகும் பெண்களைப் பற்றிச் சொன்னாள். அவள் சும்மா கதையாகச் சொன்னாள். நான் சும்மா கேட்கவில்லை.

"பள்ளம் விழுந்த உதட்டுக்கும் போடுவாகளா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த வாயை அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"இம்புட்டு நாளு இல்லாம இப்ப எதுக்கும்மா?"

"ஒரு ஆளு என் மொகத்தப் பாத்துப் பேசணும்டி. சாகுறதுக்குள்ள."

அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய மகனுக்குச் செய்தி போனது. போன் பண்ணினான். "எம்மா, ஊரே சிரிக்கும். ஒதட்டுக்கு ஊசி போட்டு எந்தப் படத்துல நடிக்கப் போற?" என்றான். "நடிக்கப் போனா ஒனக்கு டிக்கெட்டு எடுத்துத் தாரேன்டா" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு கண்ணாடியை எடுத்து வாயைப் பார்த்துக்கொண்டேன். அதை அவன் பார்க்கவா போகிறான்.

டாக்டரம்மா என் மூத்த மகள் வயதிருப்பார். என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, முந்தானையை மெல்ல விலக்கி, தாடையை இரண்டு விரலால் பிடித்து உயர்த்தினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறங்கம்மா. வலிக்குதா?"

"இல்ல தாயி."

மூன்று வழி இருக்கிறது என்றார். என் வயிற்றிலிருந்தே கொழுப்பை எடுத்து உதட்டில் ஏற்றுவது ஒன்று. அது நின்றால் ரொம்ப நாள் நிற்கும், நிற்காமலும் போகலாம். சேலைக்கு மேலேயே வயிற்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "எடுக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்லையேம்மா" என்று சிரித்தார். அது அப்படியே போயிற்று. மற்ற இரண்டும் ஊசி மருந்து. ஒன்று மாட்டுத் தோலிலிருந்து எடுத்தது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், முதலில் கையில் ஒரு சொட்டுப் போட்டு ஒரு மாதம் பார்க்க வேண்டும். இன்னொன்று சேவல் கொண்டையிலிருந்து எடுத்தது. அதற்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டும் சில மாதத்தில் உடம்போடு கரைந்துவிடும்.

"கரையாதது இல்லையா?"

"இருக்கு. நான் போடுறதில்ல. கோணிப்போச்சுன்னா யாராலயும் எடுக்க முடியாது. ஏற்கனவே ஒரு கோணலோடதான வந்திருக்கீங்க?"

அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"தாயி, அது நாட்டுச் சேவலா, கறிக்கோழியா?" என்று கேட்டேன். என் மகள் தலையில் கை வைத்தாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெளிநாட்டுச் சேவல்மா" என்றார். நான் காரணம் இல்லாமல் கேட்கவில்லை. கோயிலுக்கு என்று நேர்ந்துவிட்ட சேவலை எங்களில் யாரும் வேறு எதற்கும் தொடமாட்டோம். தெரியாமல் அப்படி ஒன்றை உதட்டில் ஏற்றிக்கொண்டால் பாவம் யாருக்கு? மகள் காதோரம் சொன்னாள்: "வெளிநாட்டுல எவன்மா சேவல் நேந்து விடுறான்?"

அவளுக்கு மாட்டு மருந்துதான் மேல் என்று பட்டது. ஒரு மாதம் சோதித்துப் போடுவதால் பயமில்லை என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. மாடு தந்த பாலில்தான் ஐந்து பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஊசிக்கு வைத்திருந்த பணமும் மாட்டை விற்ற பணம். மாட்டை விற்ற காசில் மாட்டுத் தோலை வாங்கி உதட்டில் ஏற்றுவதா? ஆனால் மகள் சொல்வதும் நியாயம். கேட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். சாமியிடம் பூக் கேட்கப் போனேன்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கொஞ்சம் மல்லிகையும் கொஞ்சம் செவ்வரளியும் வாங்கிக்கொண்டு, தனியாக உசிலம்பட்டி பஸ் ஏறினேன். வெள்ளை வந்தால் மாடு, சிவப்பு வந்தால் சேவல். இலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டி எங்கள் குலசாமி முன்னால் போட்டேன். பூசாரி எனக்குத் தம்பி முறை.

"என்ன காரியம்க்கா? பொண்ணு எடுக்கவா, குடுக்கவா?"

"ரெண்டும் இல்லப்பா. நீ எடு."

"காரியம் தெரியாம எப்பிடிக்கா எடுக்க?"

"சாமிக்குத் தெரியும். ஒனக்கு எதுக்கு?"

முனகிக்கொண்டே ஒன்றை எடுத்துப் பிரித்தான். மல்லிகை.

நான் சாமியைப் பார்த்தேன். சாமியும் என்னைப் பார்த்தது. "நீ ஒரு நாளாச்சும் மாடு மேச்சிருக்கியா?" என்று மனதுக்குள் கேட்டுவிட்டு, திருநீற்றைக் கூட வாங்காமல் வந்துவிட்டேன். பூக் கேட்டுவிட்டு மீறியவர்கள் எங்கள் வகையறாவில் யாரும் கிடையாது. மறு வாரம் டாக்டரம்மாவிடம் போய், "சேவலே போடுங்க" என்றேன்.

மரத்துப்போகக் களிம்பு தடவினார்கள். இருந்தும் வலித்தது. இரண்டு வாரம் வெற்றிலை கூடாது என்றார்கள். அன்றைக்கு உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. மகள் கப்பலூர் போய்விட்டாள். தனியாகப் படுத்துக்கொண்டு, சாமி கணக்குத் தீர்க்கிறது என்றே நினைத்தேன். "தப்புத்தான், கோணலாக்கிடாத" என்று கெஞ்சினேன். சில நாளில் வீக்கம் வடிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பல் மறைந்திருந்தது. பள்ளம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அது இருக்கும் இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியை வைக்க மனம் வரவில்லை.

நல்ல சேலை கட்டிக்கொண்டு பெரிய மகன் வீட்டுக்குத் திருப்பூர் போனேன். இரண்டு நாள் இருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் அழுகை முட்டியது. இவர்களுக்கு உதடு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. மகளிடம் வந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அண்ணே வீட்டுலயும் இப்பிடித்தான் இருந்தியா?"

"எப்பிடி?"

"முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு."

குனிந்து பார்த்தேன். கை அங்கேதான் இருந்தது. திருப்பூரிலும் அங்கேதான் இருந்திருக்கும். இத்தனை வருஷம் பழகிய கை. ஊசி போட்டது உதட்டுக்குத்தானே, கைக்கு யார் போட்டார்கள்? மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபோதும் கை மேலே போயிற்று. அவள் பிடித்துக் கீழே வைத்தாள்.

பிறகு முயன்று பார்த்தேன். பஸ்ஸில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காருவேன். ஒரு கண்டக்டர் முகத்தைப் பார்த்து, "எங்கத்தா போகணும்?" என்று கேட்டார். போகிற ஊரைச் சொல்லக் கொஞ்சம் நேரமானது எனக்கு. அப்படி இரண்டு மூன்று பேர். அவ்வளவுதான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் பார்க்க யார் இருந்தார்கள்? நாளாக ஆக உதடு இறங்கியது. ஒருநாள் பல் மறுபடியும் எட்டிப் பார்த்தது.

திரும்ப டாக்டரம்மாவிடம் போனேன். மகளிடம் சொல்லவில்லை, அவளுக்கு அன்றைக்கு விடுப்பு.

"வாங்கம்மா. இப்ப எதைப் போடலாம்? அதுவேயா, மத்ததா?"

"ஊசி வேணாம் தாயி. எம்புட்டு எறங்கியிருக்குன்னு பாத்து மட்டும் சொல்லு."

"பாக்கத்தான வந்தீங்க?"

"பாக்கத்தான்."

அவர் எழுந்து வந்தார். என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். முந்தானையை விலக்கினார். தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

அவர் வேறு ஊருக்கு மாறிப் போகும்வரை, வருஷத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை அப்படிப் போய் வந்தேன். மறுபடி ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை. மாடா சேவலா என்று அவரும் பிறகு கேட்கவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். மகள் வயிற்றுப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து செல்லை நோண்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் கொடுத்து, "வாசி" என்றேன்.

"எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு அம்மாச்சி."

"கூட்டி வாசிடி. சத்தமா வாசி. வாசிக்கையில அப்பப்ப நிமுந்து என்னயப் பாத்துக்க."