நடுவானில் ஓர் இடைவேளை

போன வாரம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு லாரிக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றவன் ஒரு முனையைப் பிடித்து உதற, காற்று உள்ளே புகுந்து, அந்தப் பெரிய கறுப்புத் துணி ஒரு கணம் வயிறு உப்பி, தொப்பென்று விரிந்தது. அவ்வளவுதான். பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை. என் காதுக்குள் ஒரு மனிதன் ஆகாயத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தான்.

அவன் ஒரு சினிமாக் கதாநாயகன். படத்தின் பெயர் மறந்துவிட்டது. அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஒருவர் அப்படியொரு படமே வந்ததில்லை என்று சாதிக்கிறார். வந்தது ஐயா. எழுபதுகளின் தொடக்கத்தில், மீஞ்சூரைத் தாண்டி அறுவடை முடிந்த நிலத்தில் போட்டிருந்த டெண்ட் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, மூன்று தடவை பார்த்த பாவி நான்.

கதை இதுதான். நாட்டின் ரகசியம் அடங்கிய ஒரு காகிதச் சுருளோடு வில்லன் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கிறான். நம் துப்பறியும் நாயகன் பாராசூட் இல்லாமலே பின்னால் குதிக்கிறான். நடுவானில் அவனைப் பிடித்து, நாலு குத்து விட்டு, சுருளைப் பறித்து, பாராசூட்டையும் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, கீழே படகில் காத்திருக்கும் கதாநாயகியின் அருகே நின்றபடியே இறங்குகிறான். விழுகிறவனின் தலைமயிர் கலைவதில்லை. மேகங்கள் மேலே போவதற்குப் பதில் ரயில் ஜன்னலில் பார்ப்பதுபோலப் பக்கவாட்டில் போகின்றன. குதித்தபோது கறுப்பாக இருந்த பூட்ஸ் இறங்கும்போது பழுப்பாக இருக்கிறது. காற்றிலே சாயம் போயிருக்கும் என்று நான் வாதாடினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

நானும் உயரமான வேலையில்தான் இருந்தேன், ஆனால் கீழே. அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பெரிய புகைபோக்கி எழுந்துகொண்டிருந்தது. மேலே ஏறுகிறவர்களுக்குக் காலையில் வாசலில் எண் பொறித்த பித்தளை வில்லை கொடுத்து, மாலையில் திரும்ப வாங்குவது என் உத்தியோகம்; வில்லை இல்லாமல் யாரும் ஏற முடியாது. டைம்கீப்பர் என்று பெயர். ஆட்கள் அதை நறுக்கி 'டைமு' ஆக்கிவிட்டார்கள். எனக்கோ ஏணியில் ஐந்து படி ஏறினால் தலை சுற்றும்.

தேசப்பனுக்குச் சுற்றாது. பழவேற்காட்டு ஏரியில் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தவன். ஏன் அதை விட்டு இங்கே வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "ஏரி தட்டையா கீதுப்பா. பொறந்ததுலேர்ந்து அதுல கீறேன், அது இன்னா ஷேப்புன்னே எனுக்குத் தெரியாது. தோ, மேல ஏறுனாதான் மொத்தமும் தெரியுது" என்றான். வேலைக்குச் சேர்வதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை. புகைபோக்கியின் உச்சியிலிருந்து அவன் தன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிக்கல் ஒன்றுதான். மேலே போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளத் தடிப்பட்டை உண்டு, அதிலிருந்து ஒரு கயிறும் கொக்கியும். நகரும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும். யாரும் கட்டவில்லை. கட்டினவனைப் பார்த்து, "இன்னாடா, தாலி கட்டிக்கினு ஏறுறியா?" என்று கேட்பார்கள். பட்டைகள் சாமான் அறையில் தூசி படிந்து வரிசையாகத் தொங்கின.

தேசப்பனின் மனைவி கன்னியம்மா புகைபோக்கியைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குத் தைரியம் கொடுக்க அவன் செய்த காரியம் இருக்கிறதே, வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. அவளை இந்தப் படத்துக்கு அழைத்து வந்தான். "ஏரோப்ளேன்லேர்ந்து உயுறான், ஒன்னியும் ஆவல. நம்புது அதுல கால்வாசி ஒசரம் கூட இல்ல. அவ பாத்துட்டா கம்முனு ஆய்டுவா, நீயும் வா டைமு" என்றான்.

முதல் ஆட்டம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயர மண்சுவர். அவள் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி, நாங்கள் இந்தப் பக்கம் ஒட்டி. டெண்ட் கொட்டகைகளில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் மாற்ற நாலைந்து இடைவேளை விடுவார்கள். அது எங்கே வரும் என்று கதைக்குத் தெரியாது. அன்று நாயகன் பாராசூட் இல்லாமல் குதித்து, கையை விரித்து, வில்லனுக்கு எட்டும் தூரம்கூட வராத நிலையில் ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. முறுக்குக்காரர் உள்ளே வந்தார்.

நடுவானில் ஒருவனை அந்தரத்தில் விட்டுவிட்டு நாங்கள் வேர்க்கடலை உரித்தோம்.

கன்னியம்மா சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். "இவனுக்கு ஊட்ல யாரும் இல்லியா?" என்றாள்.

"யாருக்கும்மே?"

"குதிச்சானே அவனுக்கு. போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த யார்கிட்டயாவது சொன்னானா? பொசுக்குனு பூட்டான்."

தேசப்பன் சிரித்தான். "சினிமாம்மே. இப்ப பாரு, அந்த பாராசூட்ட புட்ச்சி மாட்டிக்குவான். எங்களுக்கும் மேல அதே மாரி பெல்ட்டு, கவுறு எல்லாம் கீது."

"கீது. நீ கட்றியா?"

அவன் கடலைத்தோலை ஊதினான்.

"வல வீசறப்ப கவுறு நுனிய மணிக்கட்ல சுத்தாம என்னிக்கினா வீசிக்கீறியா?" என்றாள். "வல பூடுமேன்னு கட்றே இல்ல? வலைக்கு கட்றவன் உனுக்கு கட்ட மாட்டியா?"

ஏரிக்காரர்கள் கயிற்றின் நுனியை இடது மணிக்கட்டில் சுற்றாமல் வலையைக் கையை விட்டு அனுப்புவதில்லை. தேசப்பனின் மணிக்கட்டில் அந்தத் தடம் கறுத்த வளையலாகவே இருந்தது. அவன் அதைத் தடவிக்கொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வாசல்ல நிக்கிறவரு நீதானே. நீ சொல்லுணா. கட்றாரா?"

அவன் சுவர் மறைவில் என் காலை மிதித்தான். நான் திரையைப் பார்த்தேன். வெறும் வெள்ளைத் துணி.

"கட்டுறார்" என்றேன்.

விளக்கு அணைந்தது. நாயகன் விட்ட இடத்திலிருந்து விழ ஆரம்பித்தான். பாராசூட் தொப்பென்று விரிந்ததும் கொட்டகையே விசிலடித்தது. தேசப்பன் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினான். நானும் கத்தினேன். படம் முடிந்து வரப்பில் நடக்கும்போது கன்னியம்மா சொன்னாள்: "அந்தக் கவுறெல்லாம் பாத்தியாணா? தொளதொளன்னு தொங்குது. ஒரு கவுறு கூட இய்த்துப் புடிக்கல. அது எதுவும் அவனத் தாங்கல." மீன்வலைக் கிழிசலை முடிச்சுப் போட்டுச் சரிசெய்கிறவளின் கண். நான் மூன்று தடவை பார்த்தும் எனக்குத் தெரியாத குறை அது.

மறுநாள் காலை வாசலில் தேசப்பன் கையை நீட்டினான். வில்லையை நான் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"பட்டையைக் கட்டிக்கொண்டு வா."

"இன்னா டைமு, காத்தால பேஜாரு பண்றே?"

"கட்டிக்கொண்டு வா, தருகிறேன்."

பின்னால் வரிசை நீண்டது. "டைமு முகூர்த்தம் பாக்கறாருடா, தாலி எட்தாங்கடா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். தேசப்பன் முகம் சுண்டியது. "நேத்து வரிக்கும் நல்லாதானே இருந்தே?"

"நேற்று உன் பெண்சாதியிடம் பொய் சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை; ஆனால் வரிசை அடங்கிவிட்டது. தேசப்பன் சாமான் அறைக்குப் போய், ஒரு பட்டையைச் சுவரில் அடித்துத் தூசி தட்டி, கட்டிக்கொண்டு வந்தான்.

"மேல போய் கொக்கிய மாட்றேனா இல்லியான்னு ஏறி வந்து பாப்பியா?"

"வரமாட்டேன். தலை சுற்றும்."

அவனும் சிரித்துவிட்டான். வில்லையை வாங்கிக்கொண்டு போனான். அன்று முழுக்க நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உயரத்தில் மனிதன் ஒரு எறும்பு. எறும்பின் இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று கீழிருந்து யார் சொல்ல முடியும்? கழுத்து வலித்ததுதான் மிச்சம். சில மாதம் கழித்து அவன் குழாயடியில் குளிக்கும்போதுதான் பார்த்தேன்: இடுப்பைச் சுற்றி, மணிக்கட்டில் இருந்ததைப்போலவே, கறுத்த ஒரு தடம்.

அந்தப் படத்தை அதற்குப் பிறகும் எனக்குப் பிடித்தே இருந்தது, இன்றும் பிடிக்கிறது. அதன் மேகமும் பூட்ஸும் எனக்குக் குறையே இல்லை. புழுதியில் நின்று வில்லை எண்ணுகிற பையனுக்கு, உடம்பின் பாரமே இல்லாத அந்த நாலு நிமிடம் எங்கே கிடைக்கும்? ஆனால் கன்னியம்மா கேட்ட கேள்வி போகவில்லை. விழுவது பறப்பதாகத் தெரிய வேண்டுமானால் வீட்டில் ஒருவரும் காத்திருக்கக் கூடாது. அவனுக்கு யாரும் இல்லாததால்தான் தலைமயிர் கலையவில்லை. எல்லாச் சாகசப் படங்களிலும் நான் இப்போது அந்த இல்லாத வீட்டைத்தான் தேடுகிறேன்.

கொட்டகை நின்ற நிலத்தில் இன்று கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். மண்சுவர் இல்லை, முறுக்குக்காரர் இல்லை, ஒற்றை புரொஜெக்டரும் இல்லை. இப்போது படங்கள் நிற்காமல் ஓடுகின்றன. யாரையும் நடுவானில் நிறுத்திவைப்பதில்லை. அதனால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து ஒன்று கேட்கவும் நேரமில்லை. புகைபோக்கி முடிந்ததும் எங்கள் ஆட்களும் கலைந்தார்கள். தேசப்பன் ஆந்திராவில் இன்னொரு புகைபோக்கிக்குப் போனான்; ஆறு மாதத்தில் கன்னியம்மாவும் அங்கே போய் அவனோடு சேர்ந்துகொண்டாள். அங்கிருந்து எங்கெங்கோ. இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை.

அவன் கிளம்பிய காலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நானும் அவளும் நின்றிருந்தோம். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, அவன் படிக்கட்டுக்கு வந்து ஒற்றைக் காலில் வெளியே சாய்ந்து நின்றான். "போய்ட்டு வரேம்மே" என்று அவளிடம் சொன்னான், என்னிடமும் ஒரு தடவை சொன்னான். வண்டி நகர்ந்தது. அவள் இரண்டடி கூடவே ஓடி, "கம்பியப் புடி! கம்பியப் புட்ச்சிக்கடா பாவி!" என்று கத்தினாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அதனால் அவனால் எங்களுக்குக் கையசைக்க முடியவில்லை. வளைவு திரும்பும் வரை குரல் மட்டும் வந்தது:

"புட்ச்சிக்கினுதாம்மே கீறேன்!"