கேன்சர் இல்லியாம், காபி போடுங்க

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா இருந்திருந்தால், "இன்னாத்துக்கு மூஞ்ச இவ்ளோ நீட்டிக்கினு படிக்கிறீங்க?" என்று கேட்டிருப்பார். அவருடைய தங்கையான எனக்கும் அவரைப் பற்றிச் சிரிக்காமல் எழுதத் தெரியவில்லை.

அக்கா சாரம் பகுதியில் ஒரு மில் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார். மில் மூடி அப்பா வேலையின்றி இருந்தபோது பள்ளியை விட்டுவிட்டு, நகரத்துப் பேக்கரி ஒன்றில் மாவு பிசையச் சேர்ந்தார். என் படிப்பும் திருமணமும் அந்தக் கைகளால் நடந்தவை. அங்கேயே வேலை செய்த மாமாவை விரும்பி மணந்துகொண்டார்.

ஐம்பதை நெருங்கும்போது அவருடைய கழுத்தின் வலப்பக்கம், தோள் எலும்புக்கு மேலே, மெத்தென்று ஒரு வீக்கம் தெரிந்தது. வலி இல்லை. சில மாதங்களில் எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே நோயை நினைத்தோம். ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் அக்காதான், "பயந்துக்கினே இருந்தா அது இன்னான்னு தெரிஞ்சிடுமா? வாடி, போலாம்" என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் நீர் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா படம் வரைந்தே காட்டினார்.

"இது கேன்சர் இல்லம்மா. நிணநீர் தேங்கி நிக்கிற பை. உங்க வயசுல ரொம்ப அபூர்வம். வேற எங்கயும் பரவாது. ஆனா பெருசானா கைக்குப் போற நரம்ப அழுத்தும். முழுசா எடுக்கணும்னு நரம்பு வரைக்கும் போனா கை பலம் குறையலாம். கொஞ்சம் விட்டா திரும்ப வரலாம்."

அக்கா யோசிக்கவே இல்லை. "கொஞ்சம் இருந்துட்டுப் போவட்டும் டாக்டர். மாவு பிசைய எனக்குக் கை வேணும்."

வீடு திரும்பியதும், வாசலில் காத்து நின்றிருந்த மாமாவிடம், "கேன்சர் இல்லியாம், காபி போடுங்க" என்றார். மாமா அழுதுகொண்டே சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். மூவரும் அதைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தோம்.

அறுவை நல்லபடி முடிந்தது. இரண்டு மாதத்தில் அக்கா வேலைக்குத் திரும்பினார். சில ஆண்டுகளில் நெல்லிக்காய் அளவில் அது மறுபடி எட்டிப் பார்த்தது, அதற்குமேல் வளரவில்லை. ஆண்டுதோறும் ஆஸ்பத்திரியில் காட்டப் போகும்போது மருத்துவ மாணவர்கள் தயங்கித் தயங்கித் தொட்டால், "நல்லா அமுக்கிப் பாருங்க, பரீட்சைல இதத்தான் கேப்பாங்க" என்பார்.

அதன்பின், கட்டி இருக்கிறதென்று யார் முணுமுணுத்தாலும் அக்கா விடமாட்டார். "என்னுது ஒண்ணுமில்லன்னா உன்னுதும் ஒண்ணுமில்லன்னு ஆயிடுமா? காட்டித்தான் தெரிஞ்சிக்கணும்" என்று தானே அழைத்துப் போவார்.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. அதற்கும் கட்டிக்கும் தொடர்பில்லை.

அன்று ஓடிவந்த சாரம் அண்டை வீட்டாருக்கும், அடுப்பை அணைத்துவிட்டு வந்து அக்காவைத் தோளில் சுமந்த பேக்கரித் தோழர்களுக்கும், டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கருமாதியன்று பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்தார். எங்களுக்கு முன்பின் தெரியாதவர். பந்தியில் மாமாவிடம் சொன்னார்: "எனக்கு மார்ல கட்டி. அக்காவுக்கு வந்தா மாதிரிதான்னு சும்மா இருந்தேன். அவங்கதான் திட்டிக் கூட்டிக்கினு போனாங்க. எனக்கு அது கேன்சர்தாண்ணே. ஆரம்பத்துலயே பாத்து எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன்."

மாமா எழுந்துபோய்ப் பாயச வாளியை வாங்கி, அந்தப் பெண்ணின் இலையில் தம் கையால் பரிமாறினார். "நல்லா சாப்புடும்மா" என்றார்.