படகு ஜன்னலை அடைத்த கை

எங்கள் அண்ணன் வளவனூரில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பத்தாவது முடித்த கையோடு அப்பா தவறிவிட, திண்டிவனத்தில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்து எங்கள் மூவரையும் கரையேற்றினார். அவருடைய பொறுமையைப் பற்றி இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறு. சென்ற ஆண்டு அவருடைய காரியத்தன்று பந்தலில் உறவினர் ஒருவர், "கடைசில அந்தப் படகு வேலைலதான் பேரக் கெடுத்துக்கினாரு" என்று வெற்றிலையைக் குதப்பியபடி சொன்னார். பதில் சொல்ல வேண்டியவன் நான். இலையில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டேன்.

மரக்காணம் பக்கம் உப்பங்கழியில் ஓடும் ஒரு சுற்றுலாப் படகின் ஜன்னல் சட்டங்களைப் பழுதுபார்க்கும் வேலை அது. உளுத்த இடத்தைச் செதுக்கி, தேக்குத் துண்டு வைத்து ஒட்டி, கண்ணாடி ஓரமெல்லாம் சிலிக்கான் பூச வேண்டும். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் இரண்டு சிறு ஓட்டைகள் உண்டு. உள்ளே இறங்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வடியும். உதவிக்குப் போயிருந்த நான் வீட்டு ஜன்னல் மட்டுமே செய்து பழகியவன். அண்ணன் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளில், ஓட்டை இருந்தால் ஒழுகும் என்று பன்னிரண்டு ஜன்னலிலும் அவற்றை அடைத்து, மேலே பெயின்டும் அடித்துவிட்டேன். "எல்லாம் நல்லா முடிச்சிட்டேண்ணா" என்றேன். அண்ணன் நம்பினார்.

மழைக்காலம் முடிந்ததும் படகுக்காரர் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் உளியை வைத்து லேசாகத் தட்டியதும் அது சட்டத்துக்குள் இறங்கிவிட்டது. கறுத்த தண்ணீர் கொழகொழவென்று வழிந்தது, கூடவே புழுக்கள். எலி செத்த நாற்றம்.

"எவன்யா இத அடைச்சது?" என்றார் படகுக்காரர்.

அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தாங்க. மறதியா அடைச்சிட்டேன்."

"இத்தினி வருசம் வேல செஞ்சிக்கினு இதுகூடவா தெரியாது? த்தூ."

அந்த எச்சில் அண்ணன் காலடியில் விழுந்தது. நான் குனிந்து உளிகளைப் பையில் அடுக்கினேன். சீ, நானும் ஒரு பிறவி. பன்னிரண்டு சட்டங்களையும் அண்ணனே மறுபடி செய்து கொடுத்தார். அதன்பின் படகு வேலைக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

திரும்பும் பேருந்தில், "ஏண்ணா அப்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ இப்பதான் தனியா பட்டறை போட்டுக்கினுகீற. உன் பேரு போச்சினா எவன் கூப்புடுவான்? வீட்டுக்குப் போனதும் கைய சோப்பு போட்டுக் கழுவுடா, நாறுது."

கழுவினேன். நாற்றம் போகவில்லை.

முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், திண்டிவனம் பட்டறை நண்பர்களுக்கும், கடைசி நாள்வரை கஞ்சி ஊட்டிய எங்கள் அண்ணிக்கும் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

பந்தலில் பேசிய உறவினருக்கும் இந்த மலர் வந்து சேர்ந்திருக்கும். ஐயா, அந்த ஓட்டைகளை அடைத்தது என் கை. திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறையில் கைவைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சத்தியத்துக்கு ஒரு நாளை நீங்களே குறியுங்கள். இதே கையை வைத்துச் சொல்கிறேன்.