பன்னிரண்டு மீற்றர் தள்ளி வைத்த மதகு

இந்த வலைப்பதிவில் வழக்கமாகக் குளம், கோயில், கடற்கரை என்று எழுதுகிறவன், இம்முறை ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பயணத்தை எழுதுகிறேன். என்னைப்போல் அரச வேலை எடுத்துச் செய்கிறவர்கள் யாராவது இதே பாதையில் ஓட நேர்ந்தால் உதவும்.

நான் வவுனியாவில் இருக்கும் சிறிய ஒப்பந்தகாரன். கிராம வீதி, வீதிக்குக் கீழால் தண்ணீர் விடும் மதகு, வாய்க்கால் என்று பதினொரு வருடமாகச் செய்கிறேன். போன மாதம் முல்லைத்தீவிலுள்ள ஒரு திணைக்களத்திலிருந்து (பெயர் வேண்டாமே) பதிவுத்தபால் வந்தது. வரைபடத்தில் காட்டிய இடத்தை விட்டுப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி மதகு கட்டியது ஏன், உங்களைக் கறுப்புப் பட்டியலில் ஏன் சேர்க்கக்கூடாது, பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தருக என்று இருந்தது. பட்டியலில் பெயர் ஏறினால் இனி அரச வேலை எதுவும் கிடையாது. வேறு தொழிலும் எனக்குத் தெரியாது.

மதகைத் தள்ளி வைக்கச் சொன்னவர், வேலையை மேற்பார்வை செய்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கள் வாயில் அவர் ரீ.ஓ. வயல்காரர்கள் தண்ணீர் பாயும் இடத்தைக் காட்ட, அவரும் சரியென்று சப்பாத்துக் காலால் சேற்றில் ஒரு கோடு கீறி, இதிலை வையுங்கோ என்றார். வாயால் சொன்னதை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று என் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தெரியும். ஆனால் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் 'என்னை நம்பேல்லையோ' என்று ஒரு முகம் வரும். அந்த முகத்துக்குப் பயந்தே நாங்கள் யாரும் கேட்பதில்லை. இப்போது அவர் இடம் மாறிப் போய்விட்டார். பத்து நாட்கள் விடாமல் அழைத்து ஒருவாறு பிடித்தால், அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை என்கிறார்.

அன்றைக்கு எழுதின துண்டு ஏதாவது இருந்தால் கொண்டுவா என்றார் எனது சட்டத்தரணி. அப்போதுதான் நினைவு வந்தது. அன்று பின்னேரம் மதகு கட்டிய ஊரின் கமக்காரர் அமைப்பு, அதாவது விவசாயிகள் சங்கம், கூடிய கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். கூட்டம் என்றால் நடந்ததைப் பதிந்துவைக்கும் கூட்டறிக்கைக் கொப்பி இருக்கும்.

பதினான்காம் நாள் காலை 6.15க்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். நெடுங்கேணிக்குச் சுமார் நாற்பத்திரண்டு கிலோமீற்றர், 170 ரூபாய். புளியங்குளத்தில் திரும்பியதும் காட்டோரப் பாதை அழகாக இருக்கும் என்று முன்பு இங்கே எழுதியிருக்கிறேன். அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை. மடியில் இருந்த பைலைத் திறப்பதும் மூடுவதுமாகப் போனேன். 7.50க்கு இறங்கி, கடையில் தேநீர் சொல்லிவிட்டுக் குடிக்காமல் ஓட்டோ பிடித்தேன். மாவட்ட எல்லை தாண்டி ஒன்பது கிலோமீற்றர், 900 ரூபாய். நான்தான் மதகு கட்டினவன் என்று தெரிந்ததும் ஓட்டோக்காரர் பெரிதாகப் புகழ்ந்தார். இந்த மாரிக்கு ஒரு வயலும் வெள்ளத்தில் அள்ளுப்படவில்லையாம். நான் மறுபடியும் பைலைத் திறந்தேன்.

அமைப்பின் செயலாளர் செல்வராணி அக்கா அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துத் தந்தார். முத்து முத்தான கையெழுத்து. அன்றைய பக்கத்தில் இப்படி இருந்தது: 'மதகை வயல் பக்கம் நகர்த்தித் தர ஒப்பந்தகாரர் தாமாகவே முன்வந்தமைக்கு இச்சபை மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறது.'

தாமாகவே. ரீ.ஓ.வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட மாதிரி, என்னைக் காப்பாற்றும் என்று தேடிவந்த கொப்பியே என்னைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குப் பெருமையாய் இருக்கட்டும் எண்டுதான் தம்பி அப்பிடி எழுதினனான்," என்றார் அக்கா. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் முகம் வாடிவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் ஒரு வரி கூட்டி எழுதச் சொல்லிக் கேட்டேன். அக்கா கொப்பியை மெதுவாக என்னிடமிருந்து வாங்கி மூடினார்.

"கொப்பியிலை கை வைக்கேலாது தம்பி. ஆனா ரீ.ஓ. காலாலை கீறிக் காட்டேக்கை நானும் பக்கத்திலைதான் நிண்டனான். அதை என்ரை பேரிலை எழுதித் தாறன்."

எழுதினார். தலைவரும் அன்று கூட நின்றவர் என்பதால் அவருடைய கையெழுத்தும் வேண்டும் என்றார். தலைவர் வயலில். அவர் வந்து சேரும்போது பகல் ஒரு மணி. கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி, மூன்றாம் தரமும் வாசித்துத்தான் ஒப்பமிட்டார். நெடுங்கேணிக்குத் திரும்பி, கடிதங்களைப் போட்டோப் படி எடுத்து, முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறும்போது 2.05. நாற்பது கிலோமீற்றர், 160 ரூபாய். ஒட்டுசுட்டானில் பஸ் சும்மா நின்ற பத்து நிமிடமும் எனக்குப் பத்து வருடம்.

3.35க்கு அலுவலகம். பைலில் கொண்டுவந்த என் விளக்கக் கடிதத்தையும் அக்காவின் கடிதத்தையும் ஒன்றாக வைத்த உறையை எழுதுவினைஞர் வாங்கித் தட்டில் போட்டார். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் நிலையத்தில் தேநீரை வாயில் வைத்தபோதுதான் உறைத்தது. கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? உறை தொலைந்தால் நான் பதிலே தராதவன். பட்ட பாடு போதாதென்று அதே பிழையை அதே நாளில் மறுபடியும் செய்திருக்கிறேன். நேரம் நான்கு மணி. அலுவலகம் 4.15க்கு மூடும். ஓட்டோ ஒன்றும் இல்லை. ஓடினேன்.

எழுதுவினைஞர் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, என் பிரதியை நீட்டி, கிடைத்ததென்று முத்திரை குத்தித் தரும்படி கேட்டேன். அந்த முகம் வந்தது.

"என்ன, நம்பிக்கையில்லையோ?"

"நம்பிக்கை இருக்கு ஐயா. முத்திரையும் வேணும்."

மேசையைத் திறந்து குத்தித் தந்தார். அவ்வளவுதான். பதினொரு வருடமாக நான் பயந்தது இதற்குத்தான்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: வவுனியா 6.15 பஸ்ஸைத் தவற விடாதீர்கள். படி எடுக்கும் கடை கிராமத்தில் இல்லை, நெடுங்கேணியிலேயே எடுங்கள். பொன்னாடை போர்த்தினால் சிரிப்பதோடு நிற்காமல், கொப்பியில் என்ன எழுதுகிறார்கள் என்றும் பாருங்கள். வாயால் சொன்ன எந்த மாற்றத்தையும் அன்றே கடிதமாக்கிக் கையளியுங்கள், முத்திரை இல்லாமல் படி இறங்காதீர்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். இதற்கிடையில் செட்டிகுளத்தில் ஒரு வாய்க்கால் வேலை. அங்குள்ள ரீ.ஓ. திங்கட்கிழமை வந்து, வளைவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் எடுங்கள் என்று காலால் கீறிக் காட்டினார். நான் குறிப்புப் புத்தகத்தையும் பேனையையும் நீட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் யோசிக்கிறார். மூன்று நாளாக வேலை நிற்கிறது. அந்தக் கோடு மட்டும் மண்ணில் அப்படியே கிடக்கிறது. நான் அதைத் தாண்டவில்லை.